தண்டும் தந்திரமும்

மனிதரைப் போலவே சொற்களுக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. அரசவையில் பிறந்த சொல் கடைத்தெருவில் அலைவதும், தெருவில் பிறந்த சொல் அரியணை ஏறுவதும் மொழி வரலாற்றில் புதியன அல்ல. அவ்வாறு உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்த சொற்களுள் ஒன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்ட்ராட்டஜம்' என்பது. பகைவனை மயக்கி வெல்லும் உபாயம், தந்திரம், சூழ்ச்சி என்று அகராதிகள் அதற்குப் பொருள் கூறும்.

பெங்களூர் மர்பி டவுனில் வளரும் தமிழ்ச் சிறுவன் ஒருவன் தன் ஆங்கிலப் பாடத்தில் இச்சொல்லைக் காண்கிறான் என்று கொள்வோம். அதன் அருகே 'சூழ்ச்சி' என்று எழுதிக்கொள்வான். திரைப்படத்திலும் நாடகத்திலும் வில்லன் செய்வது எதுவோ அதுவே அவன் அறிந்த சூழ்ச்சி. அச்சிறுவன் ஒருநாள் திருக்குறளில் அமைச்சியலைப் புரட்டுகிறான். ஆங்கே ஒரு செயலுக்கு முதற்படியாகவே சூழ்ச்சியை வள்ளுவர் வைத்திருப்பதைக் கண்டால் அவன் என்ன நினைப்பான்? வள்ளுவர் வஞ்சகத்தையா போதிக்கிறார் என்று அவன் கேட்டால், வீட்டிலுள்ள பெரியோர் விடை கூறியாக வேண்டும். அந்த விடையைத் தேடிச் செல்லும் வழி, வியப்புக்குரிய வகையில், அவன் குடியிருக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறது.

மர்பி டவுன் அல்சூர் ஏரியின் அண்டையில் உள்ளது. முன்னாளில் அதற்கு நாக்ஸ்பேட்டை என்று பெயர். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் மிகுந்த அக்குடியிருப்பு, இராணுவ நிலையத்தின் பொறியாளராக விளங்கிய மர்பி என்பவரின் பெயரைப் பின்னர் ஏற்றது. அதைச் சூழ்ந்த நிலப்பரப்பு முழுவதும் ஒரு காலத்தில் படை தங்கிய இடமே. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சலால் அல்லலுற்ற ஆங்கிலப் படையினர் 1809ஆம் ஆண்டில் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டனர். படையோடு பணியாட்களும், கொத்தர்களும், தச்சர்களும், வணிகர்களும் வந்தனர். வட ஆர்க்காட்டிலிருந்து வந்த தமிழர் அவர்களுள் பலர். 1881 முதல் 1947 வரையில் இப்பகுதி மைசூர் அரசினின்று பிரிந்து ஆங்கிலேயரின் தனி ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயர் இதனைக் 'கன்டோன்மென்ட்' என்றனர். கன்னடியர் 'தண்டு' என்றனர். சிவாஜி நகரில் கோயில் கொண்ட அம்மனுக்குத் தண்டு மாரியம்மன் என்றே பெயர்.

தண்டு என்பது படை. படையை நடத்துபவன் தண்டநாயகன். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் கன்னடக் கல்வெட்டுகளிலும் இப்பட்டம் பயின்று வருகிறது. இதனை மனத்திற்கொண்டு கிரேக்க மொழியின் பக்கம் திரும்புவோம். கிரேக்கத்தில் 'ஸ்ட்ராட்டோஸ்' என்றால் பாளையம் இறங்கிய படை, அதாவது தண்டு. 'ஆகெய்ன்' என்றால் நடத்துதல். இவ்விரண்டும் சேர்ந்து உருவான 'ஸ்ட்ராட்டேகோஸ்' என்ற சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் தேட வேண்டியதில்லை. தண்டநாயகன் என்பதே அது. அந்தத் தண்டநாயகன் தன் அறிவினால் ஆற்றும் அருஞ்செயல் 'ஸ்ட்ராட்டேகேமா'. ஆங்கிலத்தின் 'ஸ்ட்ராட்டஜம்' பிறந்தது அதனின்றே. ஆகவே பிறப்பிலே அச்சொல்லுக்கு வஞ்சனை என்ற பொருள் இல்லை. படைத்தலைவனுக்கு உரிய தொழில் என்பதே அதன் பொருள்.

இன்னும் ஒரு படி ஆழமாகத் தோண்டினால் உறவு நெருங்குகிறது. ஸ்ட்ராட்டோஸ் என்பதன் வேர்ப்பொருள் 'பரப்புதல்'. வெளியிலே கூடாரங்களைப் பரப்பித் தங்குவதால் படைக்கு அப்பெயர் அமைந்தது. அதே வேரிலிருந்து வடமொழியில் தோன்றியது 'விஸ்தாரம்'. 'விஸ்தாரமாகச் சொல்' என்று நாம் வீட்டில் பேசும்போது, அயல்நாட்டுத் தண்டநாயகனின் சொல்லுக்கு உறவான ஒரு சொல்லையே ஆளுகிறோம்.

ஏதென்ஸ் நகரத்தார் கி.மு. 501 முதல் ஆண்டுதோறும் பத்துத் தண்டநாயகர்களைத் தேர்ந்தெடுத்து வந்தனர். பெரிக்ளீஸ் பலமுறை அப்பதவியில் இருந்தார். துன்பியல் நாடகங்கள் எழுதிப் புகழ்பெற்ற சோபக்ளீஸ் என்ற கவிஞரும் ஒருமுறை அப்பதவியை வகித்தார். நாடே வாக்களித்து மதித்த பதவி அது. அப்பதவியாளரின் மதிநுட்பத்திற்கு இட்ட பெயர் இழிவாக இருந்திருக்க இயலுமோ?

அம்மதிநுட்பத்திற்கு ஒரு சான்று காண்போம். கி.மு. 480இல் பாரசீகப் பேரரசன் செர்க்ஸஸ் பெருங் கப்பற்படையுடன் வந்தான். கிரேக்கரின் கப்பல்கள் மிகக் குறைவு. தெமிஸ்டோக்ளீஸ் என்ற ஏதென்ஸ் தலைவர் தம் நம்பிக்கைக்குரிய பணியாள் ஒருவனைப் பகைவரிடம் அனுப்பி, கிரேக்கர் இரவோடிரவாகத் தப்பியோட முனைகின்றனர் என்று சொல்லச் செய்தார். பாரசீகர் அதனை நம்பிச் சலாமிஸ் தீவை ஒட்டிய குறுகிய நீரிணையில் நுழைந்தனர். அவ்விடுக்கில் அவர்களுடைய எண்ணிக்கையே அவர்களுக்குப் பகையாயிற்று. கப்பலோடு கப்பல் மோதியது, கிரேக்கர் வென்றனர்.

இத்தகைய நிகழ்ச்சிகளைத் தொகுத்து நூலாக்கியவர் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் பிரான்டினஸ். பிரிட்டனில் ஆளுநராக இருந்தவர் அவர், கி.பி. 97இல் ரோம் நகரத்துக் குடிநீர்க் கால்வாய்களின் மேற்பார்வையாளராகி, அக்கால்வாய்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். தம் போர் உபாய நூலின் முன்னுரையில் அவர் ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் காட்டுகிறார். முன்னறிவோடும் உறுதியோடும் தலைவன் செய்வன யாவும் பொதுவான படைநடத்தும் கலை; அக்கலையினுள் கூர்த்த மதியினால் விளையும் தனிச்செயல்களே ஸ்ட்ராட்டேகேமா என்பது அவர் கருத்து. ஒன்று வயல், மற்றொன்று அவ்வயலில் விளைந்த கதிர். இரண்டும் ஒரே நிலத்தின.

பின்னாளில் இவ்விரண்டின் கதியும் வேறாயிற்று. இலத்தீன், பிரெஞ்சு வழியாக 'ஸ்ட்ராட்டஜம்' 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. தொடக்கத்தில் போர்க்களத்திலேயே இருந்தது. பிறகு ஊருக்குள் புகுந்தது. 1707இல் பார்குவார் என்ற நாடகாசிரியர் இலண்டனில் அரங்கேற்றிய இன்பியல் நாடகத்தின் தலைப்பிலேயே இச்சொல் உள்ளது. ஆனால் அதில் தண்டநாயகரும் இல்லை, தண்டும் இல்லை. பணமிழந்த இரு கனவான்கள் செல்வக் குடும்பத்துப் பெண்களை மணக்கப் போடும் திட்டமே அங்கே ஸ்ட்ராட்டஜம்! ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே குடும்பத்துச் சொல்லான 'ஸ்ட்ராட்டஜி' ஆங்கிலத்தில் இடம்பெற்றது. தம்பி பின்னால் வந்தான். ஆனால் படைக்கல்லூரியிலும் வணிக மன்றத்திலும் அவனுக்கே முதல் மரியாதை. முன்னால் வந்த அண்ணனோ சூதுக்காரன் என்று பெயர் எடுத்தான்.

ஒரே செயலுக்கு ஒருவன் 'ஸ்ட்ராட்டஜி' என்றும் மற்றொருவன் 'ஸ்ட்ராட்டஜம்' என்றும் பெயர் வைக்கலாம். யார் செய்தார், யார் எழுதினார் என்பதைப் பொறுத்தது அது. பெங்களூரின் வரலாறே இதற்குச் சான்று தரும்.

1791ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். மூன்றாம் மைசூர்ப் போர் நிகழ்ந்த காலம். காரன்வாலிஸ் பிரபு பெரும்படையுடன் வேலூரை அடைந்தார். மைசூர் மேட்டுநிலத்திற்கு ஏறக் கணவாய்கள் பல உண்டு. ஆம்பூர் வழியாகவோ பாராமகால் வழியாகவோ அவர் ஏறுவார் என்று திப்பு சுல்தான் எதிர்பார்த்தார். காரன்வாலிஸ் படையின் ஒரு பகுதியை ஆம்பூர்ப் பக்கம் செல்வதுபோல் காட்டினார். திடீரென வடக்கே சித்தூர் நோக்கித் திரும்பி, மொகிலிக் கணவாய் வழியே எதிர்ப்பின்றி மேலேறினார். கோலாரும் ஹொசகோட்டையும் அவர் வசமாயின. மார்ச்சு 5ஆம் நாள் பெங்களூரின் முன் நின்றார். 7ஆம் நாள் பேட்டை வீழ்ந்தது. 21ஆம் நாள் நிலவொளியில் கோட்டை தாக்கப்பட்டது. கோட்டைக் காவலர் பகதூர் கான் இறுதிவரை போராடி மாண்டார்.

சித்தூர், பலமனேர், முளபாகல், கோலார், ஹொசகோட்டை: இவ்வூர்ப் பெயர்கள் பெங்களூர்த் தமிழர்க்குப் புதியன அல்ல. வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பேருந்தில் வருவோர் இவ்வழியே வந்திருப்பர். மொகிலி மலைச்சாரலில் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது, இங்கேதான் பெங்களூரின் தலைவிதி மாறியது என்று எண்ணுவார் சிலரே. காரன்வாலிஸ் செய்தது பிரான்டினஸ் கூறிய அதே வகைச் செயல். ஒரு வழியைக் காட்டி மறுவழியில் சென்றார். அதனை ஆங்கில வரலாற்றாசிரியர் படைத்திறம் என்று பாராட்டினர்.

இனி மறுபக்கத்தையும் காண்போம். ஸ்ட்ராட்டோஸ் என்பதற்குத் தமிழில் மற்றொரு நேர்ச்சொல் 'பாளையம்'. அல்சூரை அடுத்த ஜோகுபாளையாவின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. அதனின்று வந்த பட்டம் பாளையக்காரர். அதனை ஆங்கிலேயர் 'பாலிகர்' என்று தம் மொழியில் சேர்த்துக்கொண்டனர். இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் புகழ்பெற்ற அகராதி, பாளையக்காரர் பெரும்பாலும் கொள்ளைப் பழக்கம் உடையவர் என்று பொதுப்படக் கூறிவிட்டது. மறைந்திருந்து தாக்கினர், காட்டிற்குள் பதுங்கினர் என்பனவெல்லாம் அவர்கள்மேல் சாட்டிய குற்றங்கள். 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாளையத்தின் தலைவனைக் குறிக்கும் சொல் கிரேக்கத்தில் மதிப்புக்குரிய பதவியாயிற்று. அதே பொருள்கொண்ட தமிழ்ச் சொல் ஆங்கில அகராதியில் கொள்ளைக்காரனின் நிழலைப் பெற்றது. சொற்கள் தாமாகத் தாழ்வதில்லை. பேனாவைப் பிடித்திருப்பவன் கையும் அவற்றைத் தாழ்த்தும்.

தமிழில் நிகழ்ந்தது என்ன? 'தந்திரம்' என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். வடமொழியில் அதன் வேருக்கு நீட்டுதல், விரித்தல் என்று பொருள். தறியில் விரித்த பாவுக்கு அது பெயர். இழைகளை ஒழுங்காக விரித்து அமைப்பதுபோல் கருத்துகளை ஒழுங்காக அமைத்த நூலுக்கும் அதுவே பெயராயிற்று. பஞ்சதந்திரம் என்பதில் அதன் ஐந்து பகுதிகளையும், திருமந்திரத்தின் ஒன்பது தந்திரங்களில் அந்நூலின் ஒன்பது பகுதிகளையும் அது குறிக்கிறது. திருமூலர் தம் நூலை ஒன்பது சூதுகளாகவா வகுத்தார்? இல்லை. தறியில் பிறந்த அச்சொல்லும், கூடாரத்தைப் பரப்பிய கிரேக்கச் சொல்லும் ஒரே பான்மையில் தொடங்கி, ஒரே பான்மையில் தாழ்ந்தன.

'பொறி' என்பதன் கதையும் இதற்கு இனமானது. பொறி என்றால் இயந்திரம். எலிப்பொறி என்னும்போது அதுவே கண்ணி. ஆங்கிலத்தில் 'என்ஜின்' என்ற சொல்லும் இவ்வாறே. இயற்கை மதி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்த அது, இடைக்கால ஆங்கிலத்தில் கூர்மதி, தந்திரம், கண்ணி, போர்க்கருவி ஆகிய அனைத்தையும் குறித்தது. போர்க்கருவி செய்பவனே முதல் 'என்ஜினீயர்'. மர்பி டவுனுக்குப் பெயர் தந்தவரும் என்ஜினீயர். அருகே அல்சூர் ஏரியை ஒட்டியிருப்பதும் பொறியாளர் படையின் தலைமையிடம். 1780இல் சென்னையில் தோன்றி, தமிழரும் பிற தென்னாட்டாரும் நிறைந்து, 'தம்பிகள்' என்று செல்லப்பெயர் பெற்ற படை அது. அப்படையைச் சேர்ந்த மக்ளின்டாக் என்ற அதிகாரி 1912இல் ஒரு கருவியை அமைத்தார். குழாய்களில் வெடிமருந்தை அடைத்து, ஒன்றோடொன்று பொருத்தி நீட்டி, முள்வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கச் செய்வது அதன் முறை. வீரன் மறைவிடத்தை விட்டு வெளியே வராமலே தடையை உடைக்கலாம். உலகப் போர்கள் இரண்டிலும் பயன்பட்ட அதற்கு இன்றளவும் 'பெங்களூர் டார்ப்பிடோ' என்றே பெயர்.

மறைவான உபாயம் தமிழர்க்குப் பழக்கமில்லாததும் அன்று. போர் தொடங்குமுன் பகைவர் ஆநிரையைக் களவிற் கவர்ந்து வருவதைத் தொல்காப்பியம் வெட்சித் திணை என்று வகுத்து இலக்கணம் கூறுகிறது. உதயணன் கதையோ உபாயங்களின் களஞ்சியம். உஞ்சை வேந்தன் பிரச்சோதனன், வீரர்களை உள்ளே மறைத்த ஒரு பொறியானையைக் காட்டில் நிறுத்தினான். யானை வசப்படுத்துவதில் வல்ல உதயணன் அதனை மெய்யான யானை என்று நெருங்கிச் சிறைப்பட்டான். டிராய் நகரத்து மரக்குதிரையை அறிந்த நம் பிள்ளைகள் இந்த யானையையும் அறிய வேண்டும். உதயணனை மீட்க அவனுடைய அமைச்சன் யூகி, தான் இறந்துவிட்டதாக உலகை நம்பச்செய்து, மாறுவேடத்தில் பகைவர் நகருள் புகுந்தான். கொங்குவேளிர் பாடிய பெருங்கதை இக்கதையை உரைப்பது. உ. வே. சாமிநாதையர் 1924இல் அதனைப் பதிப்பித்தார்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வெளிவந்த வரலாறும் நம் இரு நாடுகளையும் இணைப்பது. வெளிப்படைப் போர், வஞ்சகப் போர், ஓசையற்ற போர் என்று போரை மூவகைப்படுத்தும் அந்நூல் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. கிரந்த எழுத்தில் அமைந்த அதன் ஓலைச்சுவடி தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவரிடமிருந்து மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தை அடைந்தது. ஆர். சாமசாஸ்திரி 1905இல் அதனை இன்னதென்று கண்டறிந்து 1909இல் அச்சிட்டார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக 1915இல் வெளிவந்தது. தஞ்சையில் காத்த ஓலை கன்னட நாட்டில் உயிர் பெற்றது. தமிழரும் கன்னடியரும் சேர்ந்து உலகிற்கு அளித்த கொடை என்று இதனைக் கூறுதல் மிகையாகாது.

இப்போது அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம். சூழ்தல் என்றால் சுற்றிவருதல். ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி எண்ணிப் பார்ப்பதும் சூழ்தலே. ஆகவே சூழ்ச்சி என்பது பல கோணத்திலும் எண்ணுதல், கலந்து ஆராய்தல். அமைச்சரை வள்ளுவர் 'சூழ்வார்' என்றே அழைக்கிறார். அவர்கள் அரசனுக்குக் கண்கள் என்கிறார். வினைசெயல்வகை என்னும் 68ஆம் அதிகாரத்தின் முதற்குறள், ஆராய்ச்சியின் முடிவு துணிவு என்றும், அத்துணிவைக் காலம் தாழ்த்துதல் தீது என்றும் கூறுகிறது. ஆராய்ச்சி என்று நாம் இங்கே சொன்ன இடத்தில் வள்ளுவர் பெய்த சொல்லே சூழ்ச்சி. கூடி எண்ணுதல் மறைவில் நிகழ்வது. மறைவில் நிகழ்வது வெளியில் நிற்பவனுக்கு ஐயம் தருவது. அந்த ஐயமே நாளடைவில் சொல்லின் பொருளாகிவிட்டது போலும்!

அவ்வாறாயின் வள்ளுவர் உபாயத்திற்கு எல்லை வகுக்கவில்லையோ? வகுத்தார். அதிகாரங்கள் அமைந்த வரிசையிலேயே அந்த எல்லை உள்ளது. 66ஆவது வினைத்தூய்மை, 67ஆவது வினைத்திட்பம், அதன் பின்னரே 68ஆவதாக வினைசெயல்வகை. செயல் தூயதா என்பது முதல் வினா; செய்ய உறுதி உண்டா என்பது இரண்டாவது; எவ்வாறு செய்வது என்பது மூன்றாவது. வஞ்சனையால் ஈட்டிய பொருளைக் காப்பது, சுடாத மண்பாண்டத்தில் நீரை ஊற்றி வைப்பது போன்றது என்று வினைத்தூய்மை அதிகாரத்தின் இறுதியில் அவர் கூறுகிறார். அதே வள்ளுவர் காலமறிதலில், போரிடும் ஆட்டுக்கடா பாய்வதற்கு முன் பின்வாங்குவதை ஊக்கமுடையவனின் ஒடுக்கத்திற்கு உவமையாக்குகிறார். கடா பின்வாங்குவது உபாயம். அதில் நம்பினவரைக் கெடுக்கும் துரோகம் இல்லை. பகைவன் களத்தில் பகைவனாகவே நிற்கிறான். பச்சைமண் பாண்டத்தை நிரப்புபவனோ தன்னை நம்பி விற்பவனையும் வாங்குபவனையும் ஏமாற்றுகிறான். முன்னது மதி, பின்னது வஞ்சம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கத் தொடங்கும்போது, வேறுபாட்டைக் காணும் கண்ணையே நாம் இழக்கிறோம்.

தாய்நாட்டில் வாழ்வோருக்குச் சொல்லின் பழம்பொருள் மேடையிலும் பள்ளியிலும் காதில் விழும். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு அவ்வாய்ப்புக் குறைவு. வீட்டுப் பேச்சிலும் திரைப்படத்திலும் கேட்கும் தமிழே நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் தமிழ். அவர்களிடம் சூழ்ச்சி என்ற சொல் கொடியவன் கையில் மட்டுமே இருக்குமானால், வள்ளுவரின் ஓர் அதிகாரமே அவர்களுக்கு விளங்காமற் போகும். அயலாரோடு கூடி வாழ்கையில் மற்றோர் அபாயமும் உண்டு. நம்மவர் முன்னேறினால் மதிநுட்பம், மற்றவர் முன்னேறினால் தந்திரம் என்று பேசும் வழக்கம் எந்த ஊரிலும் எளிதில் முளைக்கும். அது நம்மைப் பற்றிப் பிறர் வாயிலும் முளைக்கும். பிறரைப் பற்றி நம் வாயிலும் முளைக்கும். காரன்வாலிஸின் செயலுக்கு ஒரு பெயரும் கட்டபொம்மனின் செயலுக்கு வேறொரு பெயரும் சூட்டிய அதே பழக்கம் அது.

ஆகவே அச்சிறுவன் கேட்டால் நாம் சொல்லத்தக்க விடை இது: சூழ்ச்சி என்றால் தம்பி, நன்கு எண்ணுதல். எண்ணியதைக் கொண்டு எவரை வெல்கிறாய், உன்னை எதிர்த்து நிற்பவனையா, உன்னை நம்பி நிற்பவனையா என்பதைப் பொறுத்தே அது நல்லதும் தீயதும் ஆகிறது. இவ்விடையைக் கேட்டபின், தன் பாடப் புத்தகத்தில் 'சூழ்ச்சி' என்று எழுதிய இடத்தில் அவன் 'தண்டநாயகன் செயல்' என்று ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்ளட்டும். பிறகு தந்தையிடமோ தாயிடமோ வினைத்தூய்மை அதிகாரத்தை எடுத்துத் தரச் சொல்லி, 66, 67, 68 என்ற அந்த வரிசையிலேயே படிக்கட்டும்.